பழைய செம்பு வாசர்

காலு இடிக்குதா அண்ணாச்சி? இருங்க, பைய இப்படி இழுத்துக்கிடுதேன். ஸ்பேனர் செட்டு. கனம்தான். மேல வச்சா பிரேக் அடிக்கையில யார் மண்டையிலயாவது எறங்கிரும், அதான் காலுக்குள்ள போட்டுக்கிட்டேன். நீங்க எதுவரைக்கும்? சாயல்குடியா. நல்லதாப் போச்சு. நான் வேம்பார்ல எறங்கிருவேன். இந்த வண்டி உருட்டு உருட்டுன்னு உருட்டித்தான் போவான், வழியில உப்பளத்தத் தவிர பாக்க ஒண்ணும் கெடையாது. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாறேன்.

நான் போட்டு மெக்கானிக்கு. பேரு கயித்தான். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல நின்னு கயித்தான் எங்கன்னு கேளுங்க, நாய் கூட முன்னால ஓடி வீட்டக் காட்டும். முப்பத்தெட்டு வருசம் அண்ணாச்சி. போட்டோட வயித்துக்குள்ள, டீசல் புகையில, குனிஞ்சு குனிஞ்சு முதுகே வளைஞ்சு போச்சு. லாரிக்கு வேலை பாக்கவன் எல்லாம் தன்னையும் மெக்கானிக்குன்னுதான் சொல்லுதான். சொல்லிட்டுப் போறான். லாரி நின்னுட்டுன்னா எறங்கி ஓரமா உக்காந்து பீடி குடிக்கலாம். கடல்ல எங்கன எறங்குவிய?

இன்னைக்கு என்ன நாளு தெரியும்லா? தடைக்காலம் இன்னையோட முடியுது. அறுவத்தியோரு நாளு கரையில கெடந்த போட்டு எல்லாம் நாளைக்கு விடியக்காலம் கடலுக்குப் போவும். அதுக்கு முந்தின நாளு, சாயங்காலம் நாலு மணிக்கு, எங்க ஆளுங்ககிட்ட ஒரு முறை உண்டு. சாமியார் வந்து போட்டுல மந்திரிச்ச தண்ணி தெளிப்பாரு. வீட்டுப் பொம்பளைய எல்லாம் கரையில நிப்பாவ. அப்பம் மொத செல்ப்ப போட்டுக்காரன் அடிக்க மாட்டான். இஞ்சின் பாத்த மெக்கானிக்குத்தான் அடிக்கணும். எதுக்குன்னா, நாளைக்கு நடுக்கடல்ல இது நின்னா நான் பொறுப்புன்னு அத்தனை பேரு முன்னாலயும் அவன் ஒத்துக்கிடுதான்னு அர்த்தம். இஞ்சின் பிடிச்சிட்டுன்னா அன்னைக்கு அவனுக்கு அந்த வீட்டுலதான் சாப்பாடு.

வேம்பார்ல சலேத்மாதான்னு ஒரு போட்டு. எஸ்தாக்கின்னு, அவன் போட்டு. அதுக்கு நான்தான் பதினோரு வருசமா மொத செல்ப்பு அடிச்சேன். இந்த வருசம் இஞ்சின் பாக்கவும் கூப்பிடல, செல்ப்பு அடிக்கவும் கூப்பிடல. நானா போன் அடிச்சா ஒரு ரிங்கு போவுது, கட்டாயிருது. வேம்பார்ல டவர் சரியில்ல அண்ணாச்சி. பத்து மாசமாச் சரியில்ல.

சிரிக்காதிய. எனக்கும் தெரியும்.

கூப்பிடாத வீட்டுக்கு எதுக்குப் போறேன்னு கேக்கிய. கேக்கலன்னாலும் மொகத்துல தெரியுது. உள்ள விடுவாவளா மாட்டாவளான்னு எனக்கே தெரியல. நாலு மணிக்குள்ள போய் நிக்கணும், அம்புட்டுதான். அந்த வீட்டுப் பொம்பளை, பிலோமி, என்னைய ஒரு வார்த்தை சொல்லிட்டா. பத்து மாசமா அது தொண்டையில மீன் முள்ளு மாதிரி குத்திக்கிட்டு நிக்கி. சொல்லுதேன், நீங்களே கேட்டுட்டு ஞாயம் சொல்லுங்க.

பதினோரு வருசத்துக்கு முன்னால மொத மொத அந்தப் போட்டுக்கு என்னைய கூப்பிட்டாவ. வேற ஒருத்தன் மூணு நாளா பிரிச்சுப் போட்டு உருட்டிக்கிட்டு இருந்தான். நான் போனேன், பாத்தேன். ஏர்லாக். டீசல் வர்ற குழாய்க்குள்ள காத்து பூந்துட்டு. இஞ்சினுக்கு அது, நமக்கு விக்கல் எடுத்த மாதிரி. ஃபில்டர் தலையில பன்னெண்டு நம்பர் போல்ட்டு ஒண்ணு இருக்கும், அதை ரெண்டு சுத்து லூசு பண்ணி, பக்கத்துல இருக்க கைப்பம்ப அமுக்குனா காத்தும் நுரையுமா வரும். நுரை நின்னு சுத்த டீசல் வந்ததும் டைட்டு பண்ணி செல்ப்பு அடிச்சா, பிடிச்சிரும். பிடிச்சிட்டு. எஸ்தாக்கி என்னையக் கட்டிப் பிடிச்சுட்டான். உடம்பெல்லாம் கிரீஸு, அதோட.

அன்னைக்கு அவன் வீட்டுல சாப்பிட்டேன். விளமீன் குழம்பு. எங்க வீட்டுக்காரி போய்ச் சேந்து அப்பம் ஒரு வருசம் ஆயிருந்துச்சு. மகன் மஸ்கட்ல. ஞாயித்துக்கிழமை போன் போடுவான். சாப்டியாப்பா? சாப்ட்டேம்பா. உடம்பு நல்லா இருக்கா? இருக்குப்பா. அம்புட்டுதான், வச்சிருவான். சமைக்க எனக்குத் தெரியும் அண்ணாச்சி, நல்லாவே சமைப்பேன். எதுத்தாப்புல உக்காந்து உப்புக் கொறைச்சல்னு சொல்ல ஒரு ஆளு வேணும்லா?

பிலோமி அன்னைக்கு ரெண்டாவது தடவை சோறு போட வரும்போது, போதும்மான்னு கையை வச்சு மறைச்சேன். கையைத் தட்டி விட்டுட்டுப் போட்டா. 'அண்ணே, கூச்சப்படாம சாப்பிடுங்க'ன்னா. அதுலருந்து நான் அண்ணன், எஸ்தாக்கி எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மச்சான். இப்படித்தான் சொந்தம் ஆச்சு.

அந்தக் குழாயில போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு வளையம் போடணும். செம்பு வாசர். பழைய ஓட்டைக் காலணா அளவு இருக்கும். ஒரு தடவை கழட்டிட்டா பழச திரும்பப் போடக் கூடாது, நசுங்கிருக்கும். புதுசு போடணும். அன்னைக்கு என் கையில புதுசு இல்ல. சத்தியமா இல்ல. பழசையே மாட்டிட்டு வந்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு போன் வருது. 'மச்சான், இஞ்சின் திணறுது. ஏறுது எறங்குது.' மொத பஸ்ஸப் பிடிச்சேன். அந்த வாசர் வழியாத்தான் காத்து பூந்திருக்கு. காத்த எடுத்து விட்டேன். சாப்பிட்டேன். அன்னைக்கு பாறை மீனு.

அந்தத் தடவை கையில புதுசும் இருந்துச்சு அண்ணாச்சி. பழசும் இருந்துச்சு.

பழசு கொஞ்சம் தாங்கும்னு தோணுச்சு. நீங்க நம்பணும், தொழில்ல இதெல்லாம் உண்டு. போட்டுல எல்லாத்தையும் ஒரேயடியா இறுக்கிரக் கூடாது. இப்பம் போட்டத் தள்ளுத காத்தாடித் தண்டு இருக்குல்லா, அது போட்டு அடியில வெளிய போற எடத்துல நிமிசத்துக்கு நாலு சொட்டு கடத்தண்ணி உள்ள சொட்டணும். சொட்டல, காய்ஞ்சு கெடக்குன்னு ஒருத்தன் சந்தோசப்பட்டான்னா அவன் மடையன். தண்டு சூடேறி வெந்து போவும். கொஞ்சம் கசிஞ்சாத்தான் ஓடும். அப்படி நெனைச்சுத்தான் விட்டேன்.

என்னது? ஆமா, அது தண்ணி, இது டீசல்தான். நீங்க என்ன வேலை பாக்கிய? பள்ளிக்கூட வாத்தியாரா. அதான் இப்படிக் கேக்கிய.

சரி, அது கெடக்கட்டும். வருசத்துக்கு அஞ்சாறு தடவை கூப்பிடுவான். மத்த வேலையில ஒரு கொறை சொல்ல முடியாது, கேட்டுக்கோங்க. ஆயிலத் தொட்டுப் பாப்பேன். பால் ஊத்துன டீ மாதிரி நெறம் இருந்தா கடத்தண்ணி உள்ள பூந்துட்டுன்னு அர்த்தம், அந்தப் போட்டுல ஒரு நாளும் அப்படி ஆக விட்டது கிடையாது. தண்ணி பம்ப்பு, நாசில், கியர் பாக்ஸ் எல்லாம் கண்ணாடி மாதிரி வச்சிருந்தேன். அந்த ஒரு வாசர்தான். அது திணறும். நான் போவேன். அவன் புள்ளைக்குச் சர்ச்சுல மொத நன்மை குடுத்த விசேசத்து அன்னைக்குக் கூட இஞ்சின் திணறுதுன்னுதான் போனேன், பாயாசம் சாப்பிட்டு வந்தேன்.

தடைக்காலத்துல இஞ்சின் எறக்கும்போது எஸ்தாக்கி சாமான் எல்லாம் புதுசா வாங்கி வச்சிருப்பான். அதுல வாசரும் இருக்கும். அத எடுத்து சட்டைப்பையில போட்டுக்கிட்டு பழச மாட்டிருவேன். வீட்டுக்கு வந்து ஒரு ஊறுகாய் பாட்டில்ல போட்டு வைப்பேன். வீணாப் போயிரக் கூடாதுல்லா.

அவன் கேக்காம இல்ல. 'மச்சான், காத்த எப்படி எடுக்கன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தா கடல்ல வச்சு நானே பாத்துக்கிடுவேன்லா?'ன்னு கேட்டான். நான் முதுக வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் வேலை பாப்பேன். 'மாப்ள, வலை உனக்கு, இஞ்சின் எனக்கு. தெரியாம கை வச்சா டீசல் பூரா கொட்டிரும்'னு சொல்லிருவேன். அவன் சொன்ன பேச்சு கேக்க புள்ள மாதிரி தலைய ஆட்டிட்டுப் போயிருவான். என் மேல அம்புட்டு நம்பிக்கை.

தருவைகுளம் விலக்கு வந்துட்டு பாத்தியளா. இன்னும் பாதி இருக்கு.

போன ஆடி மாசம். கச்சான் காத்து மேக்க இருந்து சுழட்டி அடிக்கி. மத்தியானம் சோத்தப் பொங்கிட்டு உக்காந்திருக்கேன், போன் வருது. எஸ்தாக்கி. கடல்ல இருந்து பேசுதான். 'மச்சான், இஞ்சின் நின்னுட்டு. செல்ப்பு அடிச்சு அடிச்சு பேட்டரி எறங்கிக்கிட்டு இருக்கு. காத்து கெழக்க தள்ளுது. இப்படியே போனா எல்லை தாண்டிருவோம். பக்கத்துல வேற போட்டு இல்ல. டவர் இப்பம் போயிரும். எந்த போல்ட்டுன்னு மட்டும் சொல்லு மச்சான், நான் லூசு பண்ணிக்கிடுதேன்.'

நான் சொன்னேன், 'நீ கை வைக்காத மாப்ள. நங்கூரத்தப் போட்டு நில்லு. நான் வாறேன்.'

அவன், 'மச்சான், எந்த போல்ட்டு?'

நான், 'நங்கூரத்தப் போடு. ஒரு போட்டப் பிடிச்சு நானே வாறேன்.'

கட்டாயிட்டு.

ஏன் இப்படிப் பாக்கிய? தப்பான போல்ட்டத் திருக்கி, டீசல் கொட்டி, இருந்ததும் கெட்டுப் போச்சுன்னா? அதுக்குத்தான் சொல்லல. கடல்ல ஆடுத போட்டுல வச்சு போன்ல சொல்லிக் குடுக்கிற காரியமா அது?

ஒத்தப் போல்ட்டுதான். ஆமா. ஃபில்டர் தலையில அது ஒண்ணுதான் இருக்கு. பன்னெண்டு நம்பர்.

வேம்பார் போயி, அந்தோணிசாமின்னு ஒருத்தன் போட்ட எடுக்கச் சொல்லி, நாங்க மாப்ள போட்டக் கண்டுபிடிக்கும்போது மணி அஞ்சு இருக்கும். நங்கூரத்துல நிக்கி சலேத்மாதா, ஆட்டமான ஆட்டம். கூட வேலைக்குப் போன ரெண்டு பேரு கைய ஆட்டுதாவ. எஸ்தாக்கியக் காணல. ஏறிப் பாத்தா இஞ்சின் மேல சாஞ்சு உக்காந்திருக்கான். வலது கையில லுங்கியக் கிழிச்சு சுத்தியிருக்கு, லுங்கி பூரா ரத்தம். நான் நங்கூரம் போடச் சொன்னேன்லா. காத்து இழுத்த இழுப்புல கயிறு பறந்திருக்கு. கயித்துச் சுருளுக்குள்ள கை மாட்டிட்டு. சுண்டு விரலும் பக்கத்து விரலும் போச்சு. நாலர மணி நேரமா அப்படியே உக்காந்திருந்திருக்கான்.

குனிஞ்சேன். மறைக்க எனக்கு நேரம் இல்ல, அவன் பக்கத்துலயே உக்காந்திருக்கான். போல்ட்ட லூசு பண்ணேன். பம்ப அமுக்குனேன். நுரை வந்துச்சு, நின்னுச்சு. டைட்டு பண்ணேன். அந்தோணிசாமி அவன் போட்டுப் பேட்டரிய மாத்திக் குடுத்தான், செல்ப்பு அடிச்சேன். பிடிச்சிட்டு. பேட்டரி மாத்துனத விட்டுட்டா ரெண்டு நிமிசம் இருக்கும்.

எஸ்தாக்கி அந்த போல்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். பொறவு என்னையப் பாத்தான்.

'இம்புட்டுத்தானா மச்சான்?'

கோவமாக் கேட்டா பதில் சொல்லியிருப்பேன் அண்ணாச்சி. கெட்ட வார்த்தை போட்டு வஞ்சிருந்தா நானும் ரெண்டு வஞ்சிருப்பேன். சும்மா, சின்னப்புள்ள கேக்க மாதிரி கேட்டான்.

ஆசுபத்திரியில அவன உள்ள கொண்டு போயிட்டாவ. வெளிய பெஞ்சுல நான், பிலோமி. அப்பம்தான் அந்த வார்த்தைய சொன்னா. என் பக்கம் திரும்பல, செவுத்தப் பாத்துக்கிட்டே சொன்னா. 'அண்ணே, நம்ம வீட்டுல வந்து ஒரு வாய் சோறு திங்க இஞ்சின் எதுக்குண்ணே கெடணும்?'

பாத்தியளா? என்ன பேச்சுங்கிய அது? சோத்துக்கு அலையிறவன்னு சொல்லுதா. முப்பத்தெட்டு வருசம் தொழில் பாத்தவன, சோத்துக்கு வந்தவன்னு சொல்லிட்டா. எந்திரிச்சு வந்துட்டேன். நானாவது சோத்துக்குப் போறதாவது. எனக்குப் பொங்கத் தெரியாதா?

இல்ல, அதோட முடியல. எந்திரிச்சேன்லா, அப்பம் இன்னொண்ணும் சொன்னா. அத நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட என்ன, நீங்க சாயல்குடி போயிருவிய.

'நீங்க புது வாசர சட்டைப்பையில போடுறத நான் பாத்திருக்கேண்ணே. நாலு வருசத்துக்கு முன்னால, டீ கொண்டு வரும்போது. அவருகிட்ட நான் சொல்லல. ஒத்தையாக் கெடக்க மனுசன், வந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அந்த ரெண்டு விரல்ல ஒரு விரலு என் கணக்குலதான்.'

என்ன அண்ணாச்சி, சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டிய.

பத்து மாசமா அந்த மொத வார்த்தையத்தான் நெனைச்சு நெனைச்சு கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவத நெனைக்கல. நெனைச்சா படுக்க முடியல. நீங்க முன்னால கேட்டிய, போன்ல ஏன் சொல்லலன்னு. கேக்கலையா? கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. டீசல் கொட்டிரும்னு சொன்னது பொய். சொல்லியிருந்தா அடுத்த தடவை கூப்பிட மாட்டான்லா. அவன் அங்க கெழக்க இழுத்துட்டுப் போறான், நான் இங்க அதத்தான் நெனைச்சேன். ஒரு நிமிசம்தான் நெனைச்சேன். ஆனா நெனைச்சேன்.

அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நாலு வருசமாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் 'வாங்கண்ணே, பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா'ன்னு கேட்டிருக்கா. நான் கள்ளன் மாதிரி முதுக மறைச்சுக்கிட்டு வேலை பாத்திருக்கேன், அவ குழம்புல எனக்கும் சேத்து மீன் துண்டு போட்டிருக்கா. அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க.

வைப்பாறு தாண்டிட்டோமா? அப்பம் அடுத்தது வேம்பார்தான்.

இந்தா, பையில இந்த பாட்டிலப் பாத்தியளா? எண்ணிப் பாக்காதிய, நான் எண்ணல. எல்லாம் அவன் வாங்குன வாசர்தான், ஒண்ணு கூட நசுங்கல. இதக் குடுக்கணும். நல்லதா ஒண்ண எடுத்து, அவன் கண்ணு முன்னால மாட்டி, எந்த போல்ட்டு, எத்தனை சுத்துன்னு அவன் எடது கையால அவனையே செய்ய வைக்கணும். செல்ப்பு நான் அடிக்க மாட்டேன். கடல்ல நின்னா நான் பொறுப்புன்னு பதினோரு வருசம் அத்தனை பேரு முன்னால ஒத்துக்கிட்டு அடிச்ச கை இது. இனி எந்த மொகத்த வச்சுக்கிட்டு அடிக்க? எட்ட நின்னு பாக்கேன். பாக்க விட்டா.

பொறவு அந்த வாசர் ஒழுங்கா இருக்கும். திணறாது. எனக்கு போனும் வராது. அதுவும் தெரியும்.

ஒண்ணு யோசிக்கேன். இந்த ஸ்பேனர் பைய பஸ் ஸ்டாப்புல டீக்கடையில வச்சிட்டுப் போயிரவா? இதத் தூக்கிக்கிட்டுப் போனா வேலைக்கு வந்திருக்கேன்னு நெனைப்பாவ. போல்ட்டுக்கு ஒரு பன்னெண்டு நம்பர் போதும், அது எஸ்தாக்கிகிட்டயே கெடக்கும். பாட்டில மட்டும் கையில வச்சுக்கிடுதேன். ஆனா பாருங்க, இந்தப் பை இல்லாம அந்த வாசல்ல நான் ஒரு நாளும் நின்னது கெடையாது. பதினோரு வருசத்துல ஒரு நாளு கூட. வாசல்ல போயி பைய எறக்கி வச்சிட்டு, 'எங்க மாப்ள, எப்பம் நின்னுச்சு?'ன்னு கேட்டுக்கிட்டே உள்ள போயிருவேன். வேற மாதிரி போகத் தெரியாது எனக்கு.

வேம்பாரா? இருக்கு கண்டக்டரே, ஒரு டிக்கெட்டு எறங்கணும். ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க.

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாம ஒண்ணு சொல்லுங்க. நீங்க எல்லாம் ஒருத்தர் வீட்டுக்கு சும்மாவே போவியல்லா? ஒரு சோலியும் இல்லாம, ஒண்ணும் கெட்டுப் போகாம, சும்மா. வாசல்ல நின்னுக்கிட்டு மொதல்ல என்ன சொல்லுவிய?

எறங்குதேன் கண்டக்டரே, எறங்குதேன். விசில் அடிச்சிராதிய. இவரு சொல்லட்டும்.